நீல மையில் மட்டும்

படிவத்தின் தலையில் அச்சடித்திருந்தார்கள்:
நீல மையில் மட்டும் நிரப்பவும்.

கர்த்தாலாவின் மேற்குச் சரிவில்
என் பங்குக்கு நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
இரண்டாம் நாளே செருப்பு அறுந்துவிட்டது.
யாருடைய பாட்டன் காலத்திலோ இறங்கிய குழம்பு
இன்னும் கூர் மழுங்காமல் கிடக்கிறது பாதையெங்கும்.
அதன் பிளவில் பெரணி.
பெரணி செத்த இடத்தில் ஒரு வாழை.
வாழையில் கட்டிய ஆடு
வாழையையே தின்றுகொண்டிருந்தது.

மொய்னாயெஷா வெனிலாக் கொடிகளுக்குள் நின்றிருந்தாள்,
பல்லிடுக்கில் ஓர் எலுமிச்சை முள்.
அந்தப் பூவுக்கு ஆயுள் ஒரு காலை.
அதை அறிந்த வண்டு எங்கள் தீவில் இல்லை.
முள்ளால் இதழைக் கிழித்து
மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
"இது முந்நூற்று நாற்பது.
எண்ண வைக்காதே, கேள்."

குடும்பத் தலைவர் பெயர்?
"வீடு என்னுடையது. என் அம்மாவுடையதாக இருந்தது.
அவர் இரவில் வருவார், போவார்.
அவரை எந்தக் கட்டத்தில் போடுவாய், போடு."

வீட்டின் நிலை: முழுமை, பகுதி?
மாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து
துருப்பிடித்து நின்றன.
வீட்டைக் கட்டிப்பார் என்பதும்
கல்யாணம் பண்ணிப்பார் என்பதும்
இங்கே இரண்டு வேலை அல்ல.
மகள் பிறந்த அன்றே முதல் கல்.
மர்சேயிலிருந்து ரஹமத்தா பணம் அனுப்பும் மாதம்
ஒரு வரிசைச் செங்கல்.
அனுப்பாத மாதம்
கம்பியில் துணி காய்கிறது.
ஒரு காலையில் ஐந்நூறு பூக்களுக்கு மணம் முடிக்கிறவள்
தன்னுடைய பெரிய கல்யாணத்துக்கு
இருபத்தொரு வருடமாகக் காத்திருக்கிறாள்,
காளைகளின் விலை குறையட்டும் என்று.

வருமானம்?
விடியுமுன் இலாங்-இலாங் பறிக்கிறாள்.
செம்புக் கொப்பரையின் கீழே விறகு,
மேலே பூ.
குப்பி வேறு நாட்டுக்குப் போகும்.
புகை இங்கேயே இருக்கும்.
கிலோவுக்கு எவ்வளவு என்றேன்.
சிரித்தாள். "உன் மூக்குக்கு எவ்வளவு?"

தண்ணீர்: ஆறு, கிணறு, குழாய், மற்றவை?
ஆறே இல்லாத தீவு.
பெய்வதையெல்லாம் இந்த மலை குடித்துவிட்டு
கடலோரக் கல்லிடுக்கில் கசியவிடும்,
உப்புக்குச் சொந்தமான பிறகு.
அவள் மேலே பார்த்தாள்.
மற்றவை என்று குறித்தேன்.
"சாம்பல் விழுந்த வருடம் தொட்டி முழுக்கக் கறுப்பு.
துணியில் வடித்துக் குடித்தோம்.
பல்லில் மலை அரைபட்டது."

வசிப்போர் எண்ணிக்கை?
"ஏழு."
வாசலில் எண்ணினேன். ஆறு.
"ம்மாதியை விட்டுவிட்டாய். என் தம்பி."
நாலாவது தீவுக்குப் போனவன்.
எங்கள் கொடியில் அதற்கு ஒரு நட்சத்திரம் உண்டு.
அதன் கரையில் வேறு கொடி.
நடுவில் ஓர் இரவு,
முப்பது பேர் ஏறிய ஏழு மீட்டர் படகு.
மார்ச்சில் ஏறினான்.
இது அக்டோபர்.

ஆறு மாதம் வீட்டில் இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது,
பயிற்சியில் இரண்டு முறை சொன்னார்கள்.
நான் விதியை வாசித்தேன்.
அவள் முள்ளைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.
"பென்சில் வைத்திருக்கிறாயா?"
காதில் இருந்தது.
"அப்படியானால் பென்சிலில் எழுது.
வந்தால் மையை ஊற்று.
வராவிட்டால் உன் அதிகாரி அழிக்கட்டும்,
நான் அழிக்கமாட்டேன்."

ஓரத்தில் எழுதினேன், சின்னதாக,
வயது இருபத்து நாலு, தொழில் மீன்.

அப்போது தகரத்தில் முதல் துளி.
கேள்வி பாதியில் நின்றது.
சரிவு முழுதும் கூச்சல்,
குடம், வாளி, சாயத் தகரம்,
குழந்தையின் குளியல் தொட்டி.
"நிற்கிறாயே, அந்தக் குழாயைப் பிடி!"
கூரைக் குழாயின் உடைந்த மூட்டை
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன்.
தொட்டிக்குள் தண்ணீர் இறங்கும் ஓசை
ஆழத்திலிருந்து மெல்ல ஏறி வந்தது.

படிவம் மதில்மேல் கிடந்தது.
எடுத்தபோது வீடு இல்லை, வருமானம் இல்லை,
ஆறு என்ற எண் நீலமாகி
ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.
தாளைக் காற்றில் விரித்துப் பிடித்தேன்.

ம்மாதி.
இருபத்து நாலு.
மீன்.